சிவப்பு நூல் மயில் பீடி

1. அரக்கோணத்தில் ரயில் வெகுநேரம் நின்றது.
2. எதிரே இருந்தவர் பீடி பற்றவைத்தார்.
3. மற்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்து முகர்ந்து, இலை பரவாயில்லை, தூள் மட்டம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவளுக்கு இது அழகில்லைதான். என்ன செய்வது, நான் பீடிக்காரர் மகள். யுத்த காலத்தில் திருத்தணியில் எங்கள் வீடு முழுக்க இந்த வாசனைதான். என் பள்ளிக்கூடப் புத்தகங்களில்கூட. நைனாவின் மயில் மார்க் பீடிதான் எங்களுக்குச் சோறு போட்டது. பீடியின் அடியில் சுற்றும் சிவப்பு நூல் அம்மையார்குப்பம் நெசவாளர்களிடம் வாங்கியது.

ஒருநாள் அக்காள் புருஷன், எங்கள் பாவா, கடைத்தெருவிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தார். அதே மயில் லேபிள், அதே சிவப்பு நூல். நைனா ஒரு பீடியை உருவி நுனியைப் பார்த்தார்.

"இந்த மடிப்பு நம்ம பொம்பளைங்க மடிச்சதே இல்ல. எவனோ நம்ம மயில ஓட்டிக்கினு போறான்."

அதன்பின் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினார். கள்ளக் கட்டு விலை குறைவு; யார் கொடுத்தது என்று எந்தக் கடைக்காரரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நூலை மாற்றுவது என்று முடிவு செய்தார்.

"இனிமே பச்ச நூலு. பச்ச இல்லன்னா கள்ள மாலுன்னு தெரிஞ்சிரும்."

"வேணாம் மாமா. ஜனங்க ஒண்ணு ரெண்டுன்னு உதிரியா வாங்கறவங்க. லேபிள எங்க பாக்கறாங்க? நூலத்தான் பாக்கறாங்க."

"ஆங், நீ பெரிய யாவாரி! போய் இலைய நனை."

ஆடிக் கிருத்திகைக்குப் பச்சை நூல் பீடி கடைகளுக்குப் போனது. மலையடிவாரத்துக் கடையில் நைனாவே நின்று பார்த்தார். காவடியோடு வந்த ஒருவர் பீடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பலகைமேல் போட்டார்.

"இன்னாய்யா, கள்ள மால நம்ம தலைல கட்றியா? மயிலுன்னா செவப்பு நூலு. அதக் குடு."

நைனா முன்னால் போனார். "மயிலு என்னுதுதாங்க. நான்தான் நூல மாத்தினேன்."

"ஆமா, மலைமேல கீற மயிலும் உன்னுதுதான். போய்யா!"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளிருந்து சிவப்பு நூல் கட்டை எடுத்துப் பிரித்தார்.

நைனா திரும்பச் சிவப்புக்கு மாறுவதற்குள் எல்லாக் கடைகளும் எங்கள் கட்டை எடுப்பதை நிறுத்திவிட்டன. பீடி சுற்றிய பெண்கள் வேறு வேலைக்குப் போனார்கள். பாவா இப்போது ஆர்.கே.பேட்டையில் தறி நெய்கிறார். மயில் பீடி இன்றும் நன்றாக விற்கிறது. அதைச் செய்வது யாரென்று எங்களுக்குத் தெரியாது. நைனா குடிப்பதும் அதைத்தான். காசு கொடுத்து வாங்குகிறார்.