நான் அளக்காத இரண்டு வால்வுகள்

அண்ணாவின் பெயருக்கு வந்த பழி என்னுடையது. அவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்நினைவு மலரைக் கையில் எடுப்போர் முதலில் அதை அறிய வேண்டும்.

அண்ணா கடலோர ஊரான ஓலைத்தொடுவாயில் பிறந்தார். எங்கள் தகப்பனான ஐயாவைக் கடல் கொண்டபின் பள்ளியை விட்டு உழைத்து, என்னைக் கணித ஆசிரியனாக்கினார். அகதியாகத் தமிழ்நாட்டில் இருந்த ஆண்டுகளில் எஞ்சின் வேலை பழகினார். ஊர் திரும்பியபின் சிலாவத்துறை வரையுள்ள படகுக்காரர் அவரையே தேடி வந்தார்கள். பிற்காலத்தில் நீரிழிவு அவருடைய விரல் நுனிகளின் உணர்வைப் பறித்தது. அதை எனக்கு மட்டுமே சொன்னார்.

சென்ற ஆண்டு சிலாவத்துறையிலிருந்து, நாங்கள் நானா என்றழைக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் தம் படகின் எஞ்சினைக் கொண்டுவந்தார். அதன் தலைப்பகுதி சீவப்பட்டு, வால்வுகள் அமரும் இருக்கைகள் தீட்டப்பட்டிருந்தன. ஆகவே எட்டு வால்வுகளையும் தள்ளித் திறக்கும் புஷ்ரொட்டுகளுக்குப் புது நீளம் காண வேண்டியிருந்தது. நீட்டிக் குறைக்கக்கூடிய சோதனைத் தண்டு ஒன்றைப் பூட்டி, மேலும் கீழும் அசைத்தபடி மெல்ல நீட்ட வேண்டும். ஆட்டம் நிற்கும் நீளத்தோடு, தண்டு இறுகி நிற்கத் தேவையான முன்னழுத்தத்துக்காகச் சிறிதளவு கூட்ட வேண்டும். கூடிவிட்டால் வால்வு மூடாது. ஆட்டம் நிற்பதை விரல்தான் உணர வேண்டும். அண்ணா என்னை அழைத்தார்.

"எட்டையும் தனித்தனியாப் பார், தம்பி. ஒண்டு மாதிரி மற்றது இராது."

"வாத்தியாருக்கே சோதனையோ?"

"வாத்தியார்மார்தான் அவசரப்படுறது."

ஆறு வால்வுகளை அளந்தேன். ஆறும் ஒரே அளவு. மடுக் கோவிலுக்கு நான் போகவிருந்த வான் வண்டி வாசலில் ஹோர்ன் அடித்தது. மிச்ச இரண்டுக்கும் அதே எண்ணை எழுதினேன்.

"எட்டும் பாத்தியோ?"

"ஓம், பாத்தனான்."

நான் மடுவிலிருந்து திரும்பியதும், அந்த அளவிலேயே புஷ்ரொட்டுகள் செய்து பூட்டினோம். நானாவின் மகன்மார் இருவரும் விடியற்காலை கடலுக்குப் போனார்கள். மதியம் கழிந்தும் வரவில்லை. தொலைபேசியும் எடுபடவில்லை. செய்தி கேட்டு நானும் அண்ணாவும் சிலாவத்துறைக் கரைக்குப் போனோம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று எழும்பியிருந்தது. எஞ்சின் நின்ற படகை அது பாறைமேட்டில் ஏற்றிவிடும்.

"பாஸ், எஞ்சின் சரிதானே?" என்று நானா கரையில் நின்று கேட்டார்.

"சரி, நானா," என்றார் அண்ணா. நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொன்னபின் வேறொரு படகு அவர்களை இழுத்து வந்தது. திறந்து பார்த்தபோது, கடைசி இரண்டு வால்வு இருக்கைகளும் மற்றவற்றைவிட ஆழமாகத் தீட்டப்பட்டிருந்தன. என் அளவு அவற்றுக்குக் கூடிப்போய், இரு வால்வுகளும் மூடாமல் எரிந்திருந்தன.

"கை விளங்காத மனுசன்கிட்ட ஏன் வாப்பா குடுத்தீங்க?" என்றான், எஞ்சினைத் திறந்த அண்ணாவின் விரல்கள் தடுமாறுவதைக் கண்ட இளைய மகன்.

"என்ர பிழைதான்," என்றார் அண்ணா. அதன்பின் ஒருவரும் அவரிடம் எஞ்சின் கொண்டுவரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அவர் வைத்தியசாலையில் கிடந்தபோது உண்மையைச் சொன்னேன்.

"தெரியும். படகு வந்த அண்டே நீ எழுதின தாளைப் பாத்தனான். எட்டும் ஒரே எண்."

"பிறகேன் அண்ணா பேசாமல் இருந்தனீங்கள்?"

"நீ சொல்லுவாயெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

மறுநாள் சிலாவத்துறைக்குப் போய், நானாவிடமும் மகன்மாரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணா வீடு வந்ததும், நானா அதே எஞ்சினைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். அண்ணா கதிரையில் அமர்ந்து அளவுகளை எழுத, நான் எட்டையும் அளந்தேன். கடைசி இரண்டின் அளவும் குறைந்திருந்தது. "திரும்பப் பார்," என்றார். பார்த்தேன்.

அந்தப் படகு இப்போது ஓடுகிறது. அது கடலில் இறங்குமுன் அண்ணா போய்விட்டார்.

படகை இழுத்து வந்தவர்களுக்கும், அண்ணாவைப் பராமரித்த தாதியருக்கும், நானாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. அண்ணாவின் சவப்பெட்டியின் முன்பக்கத்தை நானாவின் இளைய மகன் தூக்கினான். அவன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவனுக்கும் என் நன்றி.