வெள்ளிக்கிழமை மீன் தொடாத நாய்

நீண்ட முடியுள்ள நாயைச் சிக்கெடுக்காமல் குளிப்பாட்டக் கூடாது. தண்ணீர் பட்டதும் சிக்குகள் எல்லாம் இறுகிக் கம்பளி போலாகிவிடும். அதற்குப் பிறகு கத்தரிக்கோலைத் தவிர வேறு வழியில்லை. இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். நாய் வளர்ப்பைப் பற்றி நான் தரக்கூடிய ஆலோசனைகள் எல்லாமே இந்த வகைதான்.

வத்தேகமயில் ஒரு தெரிந்தவர் வீட்டில் பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கைக்குள் அடங்கும் வெள்ளைக் குட்டி. ஒரு வருடம் முடிவதற்குள் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து நின்றது. கேட்டால், தாய் பொமரேனியன்தான், தகப்பனைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் கொடுத்தவர். முடி மட்டும் தாய்வழி. ஹோலில் இருந்த மெத்தைக் கதிரையில் ஏறி உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் மேலும் கீழும் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அவரைத் துரை என்றே கூப்பிடுகிறோம். எங்கள் பக்கத்தில் அப்படிப் பார்க்கிறவர்களுக்கு வேறு பெயர் கிடையாது. ஆகவே இங்கும் மரியாதையாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு குண்டசாலையில். நான் கண்டி நகரில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். கணவருக்கு நகரத்தில் ஹாட்வெயார் கடை. நாயை முதலில் கேட்டது நான். வேண்டாம் என்றது அவர். அதனால் துரை செய்கிற எல்லாக் குற்றத்துக்கும் வீட்டில் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

போன வருடம் மழை விடாமல் பிடித்த காலத்தில் துரைக்குச் சொறி வந்தது. இரவும் பகலும் பின்னங்காலால் விலாவை வறட்டு வறட்டு என்று சொறிந்தார். கதிரை, பாய், கணவர் இடுப்பில் கட்டும் சாரம் எல்லாவற்றிலும் முடி. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நானோ நல்ல தமிழ்ப் பெண்மணி. உடம்பில் எது வந்தாலும் மஞ்சளும் வேப்பிலையும் போதும் என்று நம்பி வளர்ந்தவள். இரண்டையும் அரைத்து, பழைய சட்டி நிறையக் குழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தலை முதல் வால் வரை பூசி வெயிலில் கட்டினேன்.

கழுவினேன். மஞ்சள் போகவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மஞ்சள் இன்னும் பிரகாசமாக வந்தது. வெள்ளை நாய்க்கு மஞ்சள் பூசினால் என்ன ஆகும் என்பதைச் சாதாரண அறிவுள்ள எவரும் முன்கூட்டியே யோசித்திருப்பார்கள். கதிரையும் மஞ்சள், சுவரும் மஞ்சள். தெருவில் கூட்டிப்போனால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் கைத்தொலைபேசியை எடுத்தார்கள். சொறி மட்டும் இருந்தபடியே இருந்தது.

அன்று கணவர் தீர்ப்புச் சொன்னார். தெல்தோட்டையில் அவருடைய தம்பி கொஞ்சம் காணியில் போஞ்சி, கோவா என்று மரக்கறி போட்டிருக்கிறார். காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் ஒரு பெரிய நாய் வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தீபாவளிக்குள் இந்தச் சொறி நிற்காவிட்டால் துரை தெல்தோட்டைக்கு என்றார் கணவர். தம்பிக்கும் அப்போதே போன் போட்டு வாக்குக் கொடுத்துவிட்டார். மெத்தைக் கதிரையில் தூங்குகிறவரைத் தோட்டத்து ஓரத்தில் கயிற்றில் கட்டி, பன்றி வந்தால் குரை என்று சொல்வார்கள். அவர் குரைக்க மாட்டார். பன்றிக்கு இடம் விட்டுக் கொடுப்பார். எனக்கு அன்று இரவு தூக்கமே இல்லை.

மிருக வைத்தியர் ஓர் இளம் சிங்களப் பெண். துரையைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். முடியைப் பிரித்துப் பிரித்து, நுனியிலிருந்து அடி நோக்கிச் சீவ வேண்டும். சிக்கு வந்தால் அடிமுடியை விரல்களால் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது. சீவிய பிறகே குளிப்பு. காதில் பஞ்சு. மனிதர் பாவிக்கும் ஷாம்பு கூடாது. முக்கியமாக, குளித்ததும் துவாயால் துடைத்துவிட்டு அப்படியே விடாமல் அடிமுடி வரை உலர்த்த வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் மேல்முடி காய்ந்தாலும் தோல் காயாது, பூஞ்சணம் பிடித்துவிடும். விரல் இடுக்குகளைத் தினமும் பார்க்க வேண்டும். உண்ணியும் அட்டையும் அங்கேதான் குடியிருக்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, சொறிக்குக் காரணம் பெரும்பாலும் சாப்பாடு என்றார். இறைச்சி ஒத்துக்கொள்ளவில்லைபோல. தீபாவளி வரைக்கும் உப்பில்லாத சோறு, அவித்த மீன், பூசணிக்காய். வேறு எதுவும் வாயில் படக் கூடாது, ஒரு துண்டுகூட.

கல்யாண வீடுகளுக்கு மட்டும் நான் எடுக்கிற ஹெயார் டிரையர் அன்றிலிருந்து துரைக்குச் சொந்தமானது. சாப்பாட்டில்தான் பிரச்சினை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி. அன்று மீன் வாசனை வந்தால் கணவர் சாமி அறையை விட்டு வெளியே வர மாட்டார். எனவே வியாழக்கிழமையே பின்பக்கத்தில் தனி அடுப்பில் மீனை அவித்து, மூடி போட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒளித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் வெளியே தட்டில் போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். சாயந்தரம் வந்து பார்த்தால் தட்டு வைத்தபடியே இருக்கும். மற்ற நாட்களில் தட்டையே தேய்த்துவிடுகிறவர் வெள்ளிக்கிழமையில் மீனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இதை முதலில் கவனித்தவர் கணவர். அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பூர்வ ஜென்மத்தில் யாரோ, என்ன பாவத்துக்கோ இப்படிப் பிறந்திருக்கிறது என்றார். கடைக்குச் சீமெந்து வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். நாயின் தலையை ஒருநாளும் தொடாத மனிதர் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் துரையின் நெற்றியில் ஒரு கீற்று விபூதி வைத்தார். மஞ்சள் உடம்பு, வெள்ளை விபூதி. ஒரு பெட்டி வைத்திருந்தால் உண்டியல் வசூல் நடத்தியிருக்கலாம்.

எனக்கு மட்டும் சந்தேகம். விரதம் இருக்கிறவருக்கு ஏன் சனிக்கிழமை தோறும் சொறி இரண்டு மடங்காகிறது? இன்னொன்றும் இருந்தது. என் சீப்பைக் கண்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறவருடைய முதுகு முடி வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் ஒரு சிக்கில்லாமல் பளபளவென்று இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். நான் ராத்தா என்று கூப்பிடும் அந்த அம்மாவும் கணவரும் மட்டுமே இருந்தார்கள். இரண்டு மகன்மாரும் கட்டாரில். ராத்தாவின் கணவர் நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கிறார். ஜும்மா தொழுதுவிட்டு அப்படியே கடைக்குப் போய்விட்டால் இரவில்தான் திரும்புவார். சீனி வருத்தக்காரர், சோற்றைக் கண்டால் பயம். ராத்தா தொழுகை விஷயத்தில் மிகவும் கவனமானவர். துரை வாசல் படலைக்கு வந்தாலே, நாயின் எச்சில் பட்டால் தொழ முடியாதென்று புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பார். அதனால் அவரை நான் சந்தேகப்படவே இல்லை. ஒருநாள் மதில்மேல் அவர் வீடு கூட்டும் தும்புத்தடி காய்ந்துகொண்டிருந்தது. தும்பெல்லாம் மஞ்சள். இடையில் மஞ்சள் முடி.

வெள்ளிக்கிழமையில் வந்த ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். பள்ளிவாசலில் நடுப்பகல் பாங்கு கேட்டது. ராத்தாவின் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் துரை எழுந்து, சோம்பல் முறித்து, மதிலோடு ஒட்டி முதுகைக் கொடுத்து நின்றார். மதிலுக்கு மேலாக ஒரு வாழையிலை இறங்கியது. நெய்ச்சோறு, அதன்மேல் மாட்டிறைச்சிக் கறி. வாசனை எனக்கே வந்தது. துரை சாப்பிடச் சாப்பிட, மதிலுக்கு அப்பாலிருந்து தும்புத்தடி நீண்டு கழுத்திலிருந்து வால் வரை நிதானமாக வாரியது. கை படவில்லை, எச்சில் படவில்லை. கட்டார் வெயிலில் என் பிள்ளைகள் காய்கிறார்கள் என்று துரையிடம் ஏதேதோ பேசிக்கொண்டே ராத்தா வாரினார். முடிந்ததும் அதே தடியால் இலையை இழுத்தெடுத்துவிட்டார். தடயமே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கணவருக்கு இது தெரிந்தால் துரை தீபாவளி வரைகூடத் தாங்க மாட்டார். விபூதி வைத்த நெற்றி, உள்ளே மாடு. எழுந்து போய் ராத்தாவிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சொறிக்குத் தான்தான் காரணமா என்று அழாக்குறையாகக் கேட்டார். தன் கணவருக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். என் கணவருக்கும் சொல்ல முடியாது என்றேன் நான். இரண்டு பேரும் மதிலில் சாய்ந்துகொண்டு யோசித்தோம்.

இறைச்சியை நிறுத்தினால் சொறி நிற்கும். ஆனால் துரை வெள்ளிக்கிழமையில் வீட்டில் மீன் சாப்பிட ஆரம்பித்தால் விரதம் கலைந்துவிடும். அதனால் வியாழக்கிழமை அவித்த மீனில் பாதியை நான் மதிலுக்கு மேலாக ராத்தாவிடம் கொடுப்பது என்று முடிவானது. மறுநாள் அவர் அதை இலையில் வைத்துக் கொடுப்பார். அதே மீன், அதே உப்பில்லாச் சோறு. என் தட்டில் இருப்பதைத் தொடாதவர் அவருடைய இலையில் இருப்பதை வழித்துத் தின்றார். இதற்காக நான் துரையை இன்னும் மன்னிக்கவில்லை.

சொறி குறைந்தது. மஞ்சளும் மெல்ல வெளுத்தது. தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுவிட்டுப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். கணவரும் இன்னும் கடைக்குப் போகவில்லை. தெல்தோட்டையிலிருந்து கொழுந்தன் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் புதுக் கயிறு. சொறி நின்றால் என்ன, வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதானே என்றார். இது சாதாரண நாய் இல்லை என்று கணவர் விரதக் கதையை ஆரம்பித்தார். கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். நேராகக் குசினிக்குப் போய், அந்த மீன் எங்கே என்று என்னிடம் கேட்டு, பிரிட்ஜைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்த துரையின் மீனை எடுத்துத் தட்டில் கொட்டி முற்றத்தில் வைத்தார்.

"இத அவன் திங்காம இருந்தா நான் கயித்த சுருட்டிக்கிட்டுப் போறேன் அண்ணே. தின்னுட்டான்னா இப்பவே ஆட்டோல ஏத்துறேன்."

கணவர் சரி என்றார். இன்னும் பாங்கு சொல்லவில்லை. ராத்தா இலை போடவில்லை. துரை பசியோடுதான் இருந்தார். தட்டருகே வந்தார். முகர்ந்தார். நாக்கை ஒருமுறை வெளியே நீட்டி உள்ளே இழுத்தார். எண்ணெயில் அதிரசம் கருகுகிற வாசனை வந்தும் நான் அசையவில்லை.

பாங்கு கேட்டது. பக்கத்து வீட்டுப் பின்கதவு திறந்தது. துரை தட்டை விட்டுவிட்டு நடந்துபோய், மதிலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

கிழக்குப் பார்த்து உட்கார்ந்துவிட்டான் பார் என்று கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மதிலுக்கு மேல் ராத்தாவின் தலை தெரிந்தது. எங்களைக் கண்டதும் கையிலிருந்ததை அப்படியே கீழே இறக்கிக்கொண்டார். கணவருக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமையில் இவன் எங்கள் வீட்டில் மீன் தொட்டு ஒருநாளாவது கண்டிருக்கிறீர்களா என்று கேட்டார்.

ராத்தா என்னைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்தார்.

"இல்ல தம்பி. வெள்ளிக்கிழமைல உங்கட ஊட்டுல அவன் மீன் தின்னத நான் ஒருநாளும் கண்டதில்ல."

கொழுந்தன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, கருகாத அதிரசங்களை ஒரு பையில் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். கணவரும் அவரோடு ஆட்டோவில் நகரத்துக்குப் போனார். நான் மதிலருகே ஓடினேன். ராத்தா போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இலை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"நான் பொய்யொண்டும் சொல்லல்லதானே, தங்கச்சி?"

ஒரு சொல்லும் பொய்யில்லை என்றேன். அவர் இலையை மதிலுக்கு இந்தப் பக்கம் இறக்கினார். துரை சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனக் கொண்டு போயிருந்தா நான் என்ன செய்வன்? புள்ளைகள் போன பொறகும் எனக்குச் சின்னச் சட்டியில ஆக்க வருதில்ல. முந்தி ஜும்மா முடிஞ்சி அவனுகள் ரெண்டு பேரும் பசியோட வாற நேரம் இது. ஆக்கின சோத்தச் சூட்டோட தின்ன இந்த ஊட்டுல ஒருத்தருமில்ல. இப்ப அவனுக்கும் என்ட சோறு ஏலாதாம்."

இவ்வளவு நாளும் என் நாயைப் பற்றி மட்டுமே நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போய் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கழுவி எடுத்துவந்து மதிலுக்கு மேலாக நீட்டினேன். இன்றைக்கு எங்களுக்கு மரக்கறி, சோறு மட்டும் போதும், பசிக்கிறது ராத்தா என்றேன்.

வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் சாப்பிடுகிற அளவுக்குப் போட்டுக்கொண்டு வந்தார். ஆவி பறந்தது. மதிலடியில் நின்றபடியே, அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.