ஆம்பூலின் மிச்சம்

எங்கள் வீட்டில் எதையும் கொட்ட மாட்டோம். கழுநீர் மாட்டுக்கு, கிழிந்த சேலை தலையணை உறைக்கு. காரைக்குடிப் பக்கம் இதைப் பெருமையாகக்கூட யாரும் சொல்வதில்லை, பழகிப்போன கை. என் கணவரைப் பிடித்த கேடும் அந்தக் கை வழியாகத்தான் வந்தது.

அவர் டாக்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசி அது. வீட்டு முன்கட்டில் கிளினிக். பொறுக்க முடியாத வலி என்றால் பெத்தடின் ஊசி போடுவார். மருந்து இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பிதான் ஆம்பூல்; பலருக்குப் பாதி ஆம்பூலே போதும். ஒருநாள் அவருக்கே கல்லடைப்பு வலி வந்தது. மேசையில் யாருக்கோ உடைத்த பாதி ஆம்பூல். வீணாகப் போவானேன் என்று போட்டுக்கொண்டார். கல் விழுந்துவிட்டது. ஊசி விடவில்லை.

சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. கண்ணின் கருமணி கடுகாய்ச் சுருங்கிக் கிடக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், பேச்சு மட்டும் தூரத்திலிருந்து வரும். ஒரு அடுப்பில் பால், ஒரு அடுப்பில் அவருடைய கண்ணாடி சிரிஞ்சு; தினமும் நான்தான் கொதிக்க வைத்தேன்.

"இன்னுமா வலிக்குது உங்களுக்கு?"

"எவ்வளவு போடணும்னு டாக்டருக்குத் தெரியாதா?"

சிரிஞ்சை அடுப்பில் வைக்கப் போனேன்.

ஆத்தங்குடியிலிருந்து கால் முறிந்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். ஊசி போட்டு நேரமாகியும் அவர் கத்தல் ஓயவில்லை. "மருந்து கேக்கலையா?" என்றேன். இவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "அவருக்கு நான் போட்டது மருந்தில்லை. வெறுந்தண்ணி."

"இப்பவாவது போடுங்க."

"தீந்துபோச்சு."

தெருக்கோடி டாக்டரை அழைத்துவர நானே ஓடினேன். அந்த மனிதரின் குரல் தெருமுனை வரை என் கூடவே வந்தது. இன்றும் யாராவது வலியில் கத்தினால் என் கால்கள்தான் முதலில் பதறுகின்றன.

மறுநாள் மதுரைக்குப் போனோம். அவரோடு படித்த நண்பர் அங்கே ஒரு வார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஓயாத கொட்டாவி, மூக்கில் நீர், கட்டிலை உதைத்துக்கொண்டே இருக்கும் கால்கள். அந்த நிலையிலும் அதிகாரம் போகவில்லை. "ஏம்மா, என் சார்ட்டைக் கொண்டா, அளவை நான் எழுதுறேன்" என்றார் நர்ஸிடம்.

"சார்ட் எங்களுக்குங்க. கட்டில்தான் உங்களுக்கு."

அவ்வளவு வேதனையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

ஊர் திரும்பும்போது கிளினிக்கை மூடிவிடுகிறேன் என்றார். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. "டேய், மருந்தைப் பத்தித் தெரிஞ்சவன மருந்து ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்ச பாரு, அதுதாண்டா உன்ன இங்க கொண்டுவந்து போட்டுச்சு. தொழில் பாரு. ஆனா அந்த ஊசிமருந்து பீரோவத் தனியாத் திறக்காத. சாவி தங்கச்சிக்கிட்ட இருக்கட்டும்" என்று என்னைக் காட்டினார்.

மாதக்கணக்கில் அந்த பீரோவுக்கு வேலை வரவில்லை. வலி என்று வந்தவர்களையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார். பிறகு ஒரு மத்தியானம், கல்லல் ஊரிலிருந்து வயல்காரச் சம்சாரி ஒருவரை அந்த ஆளின் அண்ணன் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். அதே கல்லடைப்பு. சுருண்டு, வியர்த்து, தரையில் புரண்டார். இந்த நிலையில் எங்கே அனுப்புவது? இவர் நெடுநேரம் அவரையே பார்த்து நின்றார். அந்த வலி இவருக்குத் தெரியும். அது போகும் வழியும் தெரியும்.

"சாவியை எடுத்துக்கிட்டு நீயும் வா."

ஆம்பூலை நான் உடைத்தேன். பாதியை உறிஞ்சிப் போட்டார். அண்ணன்காரர் எட்டிப் பார்த்தார். "மிச்சம் கெடக்கே டாக்டரய்யா. அதையும் ஏத்தி விடுங்க. காசு குடுக்கப் போறோம்ல."

"ஏத்தினா ஒங்க தம்பி நாளைக்கும் எந்திரிக்க மாட்டாரு, பரவாயில்லையா?"

"ஆத்தாடி, அறுப்பு கெடக்கு!" என்று பின்வாங்கினார்.

ஆம்பூல் என் விரலிடுக்கில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"கொட்டு. நான் பாக்கணும்."

தொட்டியில் கவிழ்த்தேன். குழாயைத் திறந்து, வேண்டிய நேரத்துக்கு மேலும் தண்ணீரை ஓடவிட்டார். அதையும் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே அந்த மனிதர் குறட்டை விட்டார். வாசல் நாற்காலியில் இவர் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"சொகமாத் தூங்குறாருல்ல?" என்றார். குரலில் ஆறுதல் இருந்தது. ஏக்கமும் இருந்தது.

சாவியை முந்தானையில் முடிந்தேன்.

"இன்னும் இறுக்கி முடி" என்றார்.