அப்பாவுக்கு லாரி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை

அப்பா சவுதியில் சமையல்காரர். ஒரு கம்பெனி முகாமில் மூன்று நேரமும் ஆக்கிப் போட்டவர். கம்பெனி படுத்துப்போய் எல்லாரையும் ஊருக்கு அனுப்பியபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். திருவட்டாறு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போட வேண்டும் என்பது அவர் ஆசை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அதைக் கேட்டுச் சிரித்தார். வெளிநாடு போய் வந்த மனிதர் ஊரில் கரண்டி பிடித்தால் குடும்ப மானம் என்னாவது என்று அவருக்குக் கவலை. அம்மாவுக்கும் அதே கவலைதான், வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாமா குவாரி லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுப்பவர். அவர்தான் அப்பாவை மார்த்தாண்டத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கொண்டுபோய்த் தள்ளினார். அங்கிருந்த கிழட்டு லாரி மூன்றாம் கியருக்கு மேல் போகாது. எப்படியோ லைசென்ஸ் வந்துவிட்டது, வேலைதான் வரவில்லை. எங்கே போனாலும் எத்தனை வருஷம் ஓட்டினாய் என்பதுதான் முதல் கேள்வி. ஓட்டாதவனுக்கு வண்டி தர மாட்டார்கள். வண்டி தராமல் அவன் எங்கே போய் ஓட்டுவான்? இளவட்டமென்றால் கிளீனராக ஏறி மெல்லப் பழகிக்கொள்ளலாம். அப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயது, தொப்பை வேறு.

கடைசியில் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அத்தான் சவுதியில டிரெய்லர் ஓட்டினவருன்னு சொல்லியாச்சு. இனி வாயத் தொறக்காம இருந்தா போதும்."

அத்தாட்சிக்கு ஒரு போட்டோவும் இருந்தது. யாருடைய டிரெய்லர் மேலோ சாய்ந்து, கூலிங் கிளாஸ் போட்டு அப்பா நிற்கிற போட்டோ.

எங்கள் பக்கத்து லாரி முதலாளிகள் டிரைவரின் வீட்டைப் பார்க்காமல் சாவி தருவதில்லை. குடிகாரனா, பெண்டாட்டி பிள்ளையோடு ஒழுங்காக இருக்கிறவனா என்பதெல்லாம் வாசலிலேயே தெரிந்துவிடுமாம். குளச்சல்காரரான அந்த முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பியதும் வந்தார். அன்று காலைதான் ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கட்டளைகளையும் பிசகாமல் ஒப்பித்து நான் ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியிருந்தேன்.

அப்பா வைத்த கோழிக்கறியை முதலாளி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"கறி ஒண்ணாம் தரம். ஆரு வச்சது?"

"நாந்தான்" என்றாள் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு. அவள் வைக்கிற கறியைப் பக்கத்து வீட்டு நாய்கூட யோசித்துத்தான் தின்னும்.

முதலாளி கை கழுவிவிட்டு வந்து போட்டோவைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். பிள்ளைகள் பொய் சொல்லாது என்று நம்புகிற நல்ல மனிதர்.

"மக்களே, ஒனக்க அப்பா சவுதியில என்ன ஜோலி பாத்தாரு?"

அம்மா அடுக்களை வாசலில் அசையாமல் நின்றாள். மாமா விட்டத்தைப் பார்த்தார். அப்பா எனக்குப் பின்னால் வந்து தோளில் கை வைத்தார். யாரும் எனக்கு எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

"டிரெய்லர் ஓட்டினாரு."

அப்பாவின் கை என் தோளை அழுத்தியது. சபாஷ் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"பதினெட்டு வீலு வண்டி" என்றேன். கை இன்னும் இறுகியது.

"இல்ல, இருபத்திரெண்டு வீலு!"

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையிலேயே தந்து, அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

மறுநாள் முதலாளி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார், அம்மா கண்ணை மூடி ஜெபித்தாள். மூன்று நாள் மாமா கூடப் போனார். நான்காம் நாள் அப்பா தனியாகச் சல்லி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய் வந்தார். வீட்டுக்கு வந்தவருக்கு விரல்களை நீட்ட முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியிலேயே மடங்கிக் கிடந்தன. அம்மா ஒவ்வொன்றாக எண்ணெய் தடவி விரித்துவிட்டாள். நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன்.

அதன் பிறகு பதினான்கு வருஷம் ஓட்டினார். ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் கிணற்றடியில் வாந்தி எடுப்பார். வாய்வு என்று அம்மா இஞ்சி தட்டிக் கொடுப்பாள். அந்தச் சத்தத்தில்தான் நான் பள்ளிக்கு எழுந்திருப்பேன். ஒருநாள்கூட என்னை அவர் வண்டியில் ஏற்றியதில்லை, எனக்கு அதில் கோபமும் உண்டு.

போன வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது, சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது, இனி லாரி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு சாவு வீடு மாதிரி ஆயிற்று. அப்பா மட்டும் கோழி வாங்கி வந்து, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே கறி வைத்தார். பார்வை மங்கலில் உப்புக் கூடிப்போயிருந்தது. எனக்குப் பரிமாறிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு மொதலாளி கேட்டப்ப நீ உள்ளதைச் சொல்லிருவேன்னு நெனச்சேன் மக்கா. எனக்குச் சொல்லத் தைரியம் இல்ல. அதான் ஒனக்க தோளப் பிடிச்சேன். இந்த லாரி வேண்டாம், வேண்டாம்னுதான் அமுக்கினேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அந்தக் கை என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. அது அமுக்க அமுக்க, நான் வண்டிக்கு வீல் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.