ரோஸி அக்கா இல்லாத ஒரு வாரம்

1. கணக்கு டேலி ஆனது

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் வழியில் அறுபத்து நாலு தனி வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்றில் நான் மேனேஜர். வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். மீதி, ரிட்டயர் ஆனவர்கள். வீட்டுக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு பட்ஜெட்டை நான்தான் தயார் செய்து கமிட்டி முன் வைக்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் என் முதல் பட்ஜெட்டைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த வருஷம் கம்பெனிகளில் ஓவர்டைம் நின்றுபோயிருந்தது. சில இடங்களில் ஒரு ஷிஃப்டையே எடுத்துவிட்டார்கள். டீசல் என்ன விலைக்குப் போகும், கரண்ட் கட்டணம் ஏறுமா, தண்ணீர் லாரிக்காரர் கோடையில் எவ்வளவு கேட்பார், எதுவும் தெரியாது. சங்கத் தலைவர் ரிட்டயர் ஆன பேங்க் அதிகாரி. அவர் சொன்னது ஒன்றுதான்: வீடுகளில் மாதா மாதம் வாங்கும் மெயின்டனன்ஸ் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது.

என் அப்பா, அம்மா இருவரும் கூலிக்கு நடவு, களை என்று போகிறவர்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். பி.காம். படித்தவன் கணக்கு டேலி ஆகாமல் போய் நிற்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. போன வருஷச் செலவுத் தொகை எல்லாவற்றிலும் பத்து சதவீதம் ஏற்றினேன். துண்டு விழுந்தது. ஹவுஸ்கீப்பிங், அதாவது துப்புரவு வேலைக்கு, மூன்று பேர் என்றிருந்ததை இரண்டு பேர் என்று மாற்றினேன். டேலி ஆகிவிட்டது. பெயர் எதுவும் போடவில்லை. ஆனால் மூன்று பேரில் சம்பளம் அதிகம் ரோஸி அக்காவுக்குத்தான், ஆரம்பத்திலிருந்து இருப்பவர் என்பதால். போவது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

2. சாம்பிள்

பொருளாளர் கலைவாணி மேடம் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறார். ஷீட்டை மேலிருந்து கீழே வரை படித்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“ரோஸி காலைல என்ன வேலை பாக்கறாங்க?”

“பெருக்குறது, குப்பை எடுக்கறது மேடம்.”

“நீங்க பாத்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. நான் வருவது ஒன்பது மணிக்கு.

பொதுக்குழுவுக்கு முன்னால், எதையெல்லாம் குறைக்கப் போகிறோமோ அதை ஒரு வாரம் இல்லாமல் இருந்து பார்த்துவிடலாம் என்றார் மேடம். ரோஸி அக்காவுக்குச் சம்பளத்தோடு ஒரு வாரம் லீவு. அதே வாரம், என் ஷீட்டில் நான் தொடாமல் விட்டிருந்த புல்வெளிக்கும் லாரித் தண்ணீர் கிடையாது. புல்வெளி தலைவருக்குப் பிடித்தமானது. நான் அதைத் தொடாமல் விட்டதற்கும் காரணம் அதுதான்.

தலைவர் சிரித்தார். “பட்ஜெட்டுக்கு யாராவது ஒத்திகை பாப்பாங்களாம்மா?”

“புது சப்ளையர்கிட்ட எடுத்தவுடனே லோடு இறக்க மாட்டோம் சார். சாம்பிள் வாங்கிப் பாத்துட்டுதான் ஆர்டரே குடுப்போம்.”

ரோஸி அக்காவிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முழுவதும் கேட்டார்.

“இன்னா சார், என்னை வூட்டுக்கு அனுப்பறதுக்கு சாம்பிளா? அதுவும் சம்பளத்தோட. நல்லா கீது போ.”

துடைப்பத்தைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு, “பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருசம் போவுது. அத்த மனசுல வச்சிக்கினு கணக்கு போடு தம்பி” என்றார். அதுவரை என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

3. அந்த வாரம்

திங்கட்கிழமை குப்பை வண்டி வராத நாள், ஒன்றும் தெரியவில்லை. மற்ற இருவரும் ஓடி ஓடிப் பெருக்கினார்கள். சாயங்காலம் தலைவர், “பாத்தியா, நடக்குதே” என்றார்.

செவ்வாய் காலை பஞ்சாயத்துக் குப்பை வண்டி வந்து, எங்கள் குப்பையை எடுக்காமல் போய்விட்டது. மக்கும் குப்பை, மக்காத குப்பை கலந்திருந்தால் அவர்கள் எடுப்பதில்லை. எங்கள் வீடுகளிலிருந்து குப்பை எப்போதும் கலந்துதான் வந்திருக்கிறது. தினமும் ஐந்தரை மணிக்கு வந்து, பம்ப் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து, அறுபத்து நாலு வீட்டுக் குப்பையையும் ரோஸி அக்கா கையால் பிரித்து வைத்திருக்கிறார். யாரும் அவரிடம் சொன்ன வேலை இல்லை. அவர் வேலைப் பட்டியலிலும் இல்லை.

புதன் அன்று கேட் ஓரம் மூட்டைகள் சேர்ந்தன. நாய்கள் கிழித்துப் போட்டன. போன் வர ஆரம்பித்தது. ரோஸியை உடனே கூப்பிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். தலைவரும் சொன்னார். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை.

“நாம போட்ட பட்ஜெட்டு சார் இது. இன்னும் மூணு நாள் இருக்கு. வாழ்ந்து பாத்துடுவோம்.”

வியாழன் விடிகாலை மேடமே கையுறை மாட்டிக்கொண்டு பம்ப் ரூமுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். கம்பெனி பஸ் ஆறே முக்காலுக்கு. அதற்குள் முடிக்க வேண்டும். நானும் உட்கார்ந்தேன். சாம்பாரில் ஊறிய டயப்பர், உடைந்த டியூப்லைட், மீன் செதில். முதல் மூட்டையிலேயே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேடம் முகம் சுளிக்கவில்லை. எந்த வீட்டு மூட்டை என்று பார்த்து, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். ஆறு மணிக்குத் தலைவர், மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு வந்து, எதிரில் உட்கார்ந்து ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டார். அந்த மனுஷரிடம் எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

புல்வெளி அந்த வாரம் பழுப்பாகிக்கொண்டே வந்தது. அதற்காக ஒரு போன்கூட வரவில்லை.

4. பொதுக்குழு

கூட்டத்தில் மேடம் நீளமாகப் பேசவில்லை. எது இல்லாமல் இருக்க முடிந்தது, எது இல்லாமல் முடியவில்லை என்று மட்டும் சொன்னார். வீட்டு எண் படித்து யாரையும் அவமானப்படுத்தவும் இல்லை. நோட்டு அவர் பையிலேயே இருந்தது.

எழுந்தவர் டில்லிபாபு. ஷிஃப்ட் போய்ப் பாதிச் சம்பளத்தில் இருந்தவர். மெயின்டனன்ஸைக் குறைக்கச் சொல்லி முதலில் மனு கொடுத்தவரும் அவர்தான்.

“என்னால அதிகம் தர முடியாது, அது நெசம். அதுக்காக அந்தம்மா வேலைய புடுங்கிட்டா, நாளைக்கு கம்பெனிக்காரன் என் வேலைய புடுங்கசொல்லோ நான் இன்னா நாயம் பேசறது? புல்லு காயட்டும். குப்பைய வூட்லயே பிரிச்சுக் குடுப்போம்.”

கைகள் உயர்ந்தன. தலைவர் கையும். புல்வெளிக்கான தண்ணீர்த் தொகை மொத்தமும் ஹவுஸ்கீப்பிங்குக்குப் போனது. மெயின்டனன்ஸ் ஏறவில்லை. விலைவாசி எப்படிப் போகும் என்று தெரியாததால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கைத் திருப்பிப் பார்ப்பது என்றும் முடிவானது.

நான் கற்றது இதுதான். வரப்போகும் வருஷம் யாருக்கும் தெரியாது. அது நம் தப்பில்லை. ஆனால் இன்று நம் கண்ணெதிரே நடக்கிற வேலை தெரியாமல் பட்ஜெட்டில் ஒரு வரியை அடித்துவிடுவது நம் தப்பு. மேடம் அதை எனக்குச் சொல்லித் தரவில்லை. செய்தார், நான் பக்கத்தில் இருந்தேன்.

இப்போது ஷீட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வாரம் ஐந்தரை மணிக்கே வந்துவிடுகிறேன். ஹவுஸ்கீப்பிங் என்று ஒரே வரியில் முடிப்பதில்லை. மூன்று பெயர்கள், அவரவர் செய்யும் வேலைகள். இந்த வருஷம் எழுதி முடித்து ரோஸி அக்காவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “பின்னாடி சாக்கடை அடைப்பு எடுக்கறத உட்டுட்டியே தம்பி” என்றார்.

சேர்த்துக்கொண்டேன்.