தலையாட்டிக்கொண்டே டயகம வரை

கொழும்பு, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி. மலைநாட்டுக்குப் போகிறவர்கள் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவார்கள். திரும்பி வந்து குளிரையும் பனியையும் பற்றி நாலு பக்கம் எழுதுவார்கள். எனக்கு வாய்த்தது கருவாட்டு லொறி. புறக்கோட்டையில் அரிசியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு டயகம வரை போகிற லொறி அது. மூட்டைகளுக்கு நடுவே என் சாமான்கள் கிடந்தன: இரண்டு காற்றுச் சிலிண்டர், ரப்பர் உடை, ஈயக்கட்டி கோத்த இடுப்புப் பட்டை.

நான் திருகோணமலைக்காரன். மூழ்கிய படகுகளைத் தூக்குகிற ஒரு கம்பெனியில் முக்குளிப்பவன். கடலே இல்லாத இடத்துக்கு என்னை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு மின்சாரம் எடுக்கும் குளம் இருக்கிறதாம். ஆழம் பதினெட்டு அடி. தண்ணீர் போகும் குழாயின் வாயிலுள்ள இரும்புக் கம்பிகளில் குப்பை அடைத்துக்கொண்டதாம். எடுத்துப் போட்டுவிட்டு வா என்றார்கள், கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்வதைப்போல.

என் சட்டைப் பையில் டாக்டரின் கடிதம் இருந்தது. ஆறு வாரம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று எழுதியிருந்தார். அதைக் கம்பெனிக்குக் காட்டவில்லை. காட்டினால் அடுத்த வாரமே என் இடத்தில் வேறொருவன் நிற்பான். எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

எல்லாம் இந்த வலது காதால். தண்ணீருக்குள் இறங்க இறங்கக் காதை உள்ளே அழுத்தும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதினால் ‘டிக்’ என்று திறந்து சரியாகும். கூட வேலை செய்கிறவர்களுக்கு எச்சில் விழுங்கினாலே திறக்கிறது. எனக்கு நாலு வருடமாக வலது பக்கம் திறப்பதில்லை. ஊதி, விழுங்கி, தாடையை அசைத்து, மூன்று அடி மேலே வந்து மறுபடி இறங்கி, ஒவ்வொரு முறையும் அதனோடு சண்டை. கரைக்கு வந்தாலும் காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து யார் பேசினாலும் முணுமுணுப்புத்தான். ‘என்ன, என்ன’ என்று எத்தனை தரம் கேட்பது? கேட்டால் செவிடன் என்பார்கள், பிறகு வேலை போய்விடும். ஆகவே தலையாட்டப் பழகிக்கொண்டேன். நாலு வருடமாக உலகத்துக்கே ஆமாம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

லொறி ஓட்டியவர் காசிம், ஹட்டன்காரர். எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். நம் நாட்டு லொறியில் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருகிறார். என் கெட்ட காது முழுவதும் அவருக்கே. மனுஷன் வாயும் ஓயவில்லை. அவிசாவளை தாண்டியும் பேசினார், கித்துல்கலையில் தேநீர் குடித்தபோதும் பேசினார். தேநீர் பத்துச் சதம், இனிப்பு மட்டும் தாராளம். லொறிச் சத்தத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நான் தலையாட்டினேன்.

ஒன்பதரை மணி. கித்துல்கலைக்கு மேலே வளைவுகள் தொடங்கின. ஏற ஏற என் காதுக்குள் காற்று தானாகவே புறப்பட்டுப் போனது. ஏற்றத்தில் யாரும் ஊத வேண்டியதில்லை, இறக்கம்தான் பிரச்சினை. கேட்கவில்லையே தவிர, பாரம் இறங்கிவிட்டது. மாதக்கணக்கில் இல்லாத சுகம். நல்ல சகுனம் என்று நினைத்தேன். முட்டாள்தனம். ஒரு வளைவில் காசிம் நானா வேகத்தைக் குறைத்து, பள்ளத்தைக் கைகாட்டி ஏதோ சொன்னார். எதிர்ப்பக்கம் ஒரு அருவி விழுந்துகொண்டிருந்தது. “நல்ல இடம்” என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு பேசவே இல்லை. கினிகத்தேனையில் டயருக்குக் காற்றடிக்க நிறுத்தியபோதும் முகத்தை உம்மென்று வைத்திருந்தார். பேசினாலும் கோபம், பேசாவிட்டாலும் கோபம் எனக்கு.

பகல் பன்னிரண்டுக்கு ஹட்டன். நாலாயிரம் அடிக்கு மேல் என்றார்கள். அங்கேயே எனக்குச் சளி பிடித்துவிட்டது. அங்கிருந்து தலவாக்கலை, அக்கரப்பத்தனை என்று சுற்றி இருபத்தைந்து மைல். லொறிக்கு நாலு மணி நேரம் பிடித்தது. டயகமவில் இறங்கியதும் ஒரு பெண், “கண்டாக்கையா வந்து கூட்டிட்டுப் போவாருங்க” என்றாள். பஸ் வரப்போகிறது போலும் என்று அரைமணி நேரம் கண்டக்டரைத் தேடிக்கொண்டு ரோட்டில் நின்றேன். காது தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று அதையும் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தருக்குப் பெயரே கண்டாக்கையா. தொப்பி போட்டுக்கொண்டு எனக்குப் பின்னாலேயே அவ்வளவு நேரமும் நின்றிருக்கிறார்.

புதன்கிழமை, காலை எட்டு மணி. தோட்டத்தை நடத்துகிற தொரை அணைக்கட்டில் நின்றிருந்தார். குளத்தை வடித்துவிட்டுக் குப்பையை எடுக்கலாமே என்றேன். தொழிற்சாலை ஒரு நாள் நின்றுபோகும், அதெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குழாயின் கதவைத் தூக்கி இறக்கும் சக்கரம் பெருமாள் என்பவர் பொறுப்பில் இருந்தது. பல வருடம் தேயிலை உருட்டும் இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்தவர். அந்த இரைச்சலில் பேச முடியாது என்பதால் தொழிற்சாலைக்காரர்கள் எல்லாவற்றையும் கைச்சாடையிலேயே பேசிக்கொள்வார்கள். வெளியே வந்தாலும் அந்தப் பழக்கம் போவதில்லை. அணைக்கட்டின் மேல் என்னோடு நடந்துகொண்டே பெருமாள் கையை ஆட்டி ஆட்டிப் பேசி எதையோ விளக்கினார். அவர் நடந்தது என் வலது பக்கம். நான் தலையாட்டினேன்.

பெருமாள் கதவை மூடினார். இடுப்பில் கயிற்றைக் கட்டி இரண்டு பேர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். தண்ணீர் பனிக்கட்டி. கம்பிகள் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை சாய்ந்து நின்றன. அவற்றைப் பிடித்தே இறங்கலாம். ஆறடியில் காது அடைத்தது. ஊதினேன். சளி வேறு, திறக்கவில்லை. அப்போதே மேலே வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஆத்திரம். நாலு வருட ஆத்திரத்தையும் சேர்த்து வைத்து, மூக்கைப் பொத்திப் பலம் கொண்டமட்டும் ஊதியபடி இன்னும் இறங்கினேன். பன்னிரண்டு அடியில் உள்ளே ஏதோ கிழிந்தது. வலி சட்டென்று நின்றது. அடுத்த நொடி குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் புகுந்தது. குளம் சுழலத் தொடங்கியது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கம்பி கம்பியாகப் பிடித்து ஏறினேன். கை தண்ணீருக்கு வெளியே வந்ததும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே பொருள்தான்: என்னை மேலே எடு.

யாரும் எடுக்கவில்லை. கால்மாட்டில் தண்ணீர் உறுமியது. கீழே கதவு திறந்துகொண்டது. தண்ணீர் என்னைக் கம்பிகளோடு சேர்த்து அப்பியது. வலது கால் கம்பிகளுக்கிடையே முழங்கால் வரை போய்விட்டது. கயிற்றுக்காரர்கள் கத்தியிருக்க வேண்டும். கதவு மறுபடி மூடியது. ஒரு நிமிடம் இருக்குமோ என்னவோ. கரையில் போட்டதும் வாந்தி எடுத்தேன். எழுந்து நிற்க முடிந்ததும் பெருமாளின் சட்டையைப் பிடித்துவிட்டேன். கொல்லப் பார்த்தாயா என்று கேட்டேன்.

அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. “சொன்னேனுங்களே. கட்ட வெரல காட்டுனா கதவ தூக்குவோம், அத மட்டும் காட்டிறாதீங்கன்னு சொன்னேன். நீங்க தலையாட்டுனீங்க.”

நான் சட்டையை விட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

தோட்டத்து மருந்துக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். சவ்வு கிழிந்துவிட்டது, ஆறினாலும் இனி ஆழத்தில் இறங்க நினைக்க வேண்டாம் என்று சொல்லிப் பஞ்சை வைத்து அடைத்தார். மறுநாள் குளத்தை வடித்தார்கள். மூன்று மணி நேரத்தில் வடிந்தது. நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கி மத்தியானத்துக்குள் கம்பிகளைத் துப்புரவாக்கிவிட்டார்கள். மாலையில் தொழிற்சாலை ஓடியது. இந்த அரை நாள் நிற்கக் கூடாதென்றுதான் என்னைக் கொழும்பிலிருந்து கருவாட்டோடு ஏற்றி வந்தார்கள். தொரை எனக்கு ஒரு பெட்டித் தேயிலை கொடுத்தனுப்பினார். அதை நான் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. முட்டைக்கோவாவும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு அதே லொறி, அதே காசிம் நானா. புறப்படும்போது பெருமாள் வந்தார். சாமான்களை ஏற்றிக் கொடுத்துவிட்டு, என் இடது பக்கமாகச் சுற்றி வந்து, பார்த்துப் போங்க என்றார். எனக்கு எந்தக் காது கேட்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

ஹட்டனைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. எப்போதும் இறக்கத்தில் கடைவாயை அசைத்துக்கொண்டே இருப்பேன். இன்றைக்குக் காது அடைக்கவே இல்லை. உஸ் என்று ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான். ஓட்டை வழியாகக் காற்று போய்வந்துகொண்டிருந்தது. நாலு வருடம் எந்த மருந்துக்கும் திறக்காதது, கிழிந்ததும் திறந்துவிட்டது. சிரிப்பதா, லொறிக் கதவை உதைப்பதா என்று தெரியவில்லை. திருகோணமலையில் என் வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். இனி அதைப் பார்க்கலாம், இறங்க முடியாது. டாக்டர் கடிதத்தைக் கம்பெனி மேசையில் வைக்கத்தான் வேண்டும். மறைத்து என்னத்தைக் கண்டேன்?

கினிகத்தேனைக்குக் கீழே அந்த வளைவு வந்தது. காசிம் நானா வேகத்தைக் குறைத்தார். பள்ளத்தைப் பார்த்து வாய்க்குள் ஏதோ சொன்னார். என் தலை ஆடப் புறப்பட்டது. நிறுத்திக்கொண்டேன்.

“நானா, எனக்கு இந்தப் பக்கத்துக் காது கேக்காது. போகேக்க நீங்கள் சொன்னதும் ஒண்டும் கேக்கேல்ல.”

அவர் லொறியை ஓரத்தில் நிறுத்தினார். இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இப்போது அவர் என் இடது பக்கம்.

“இந்த எடத்துலதான் எங்கட தம்பி லொறியோட பள்ளத்துல உழுந்தான். அதத்தான் சொன்னேன். நீங்க நல்ல எடம்னு சொன்னீங்க.”

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.