அக்கா கொடுக்காத ஓம ஒத்தடம்

1958-ஆம் வருடம், ஐப்பசி மாதத்தில் ஒரு பிற்பகல். திருச்சி கோட்டைப் பக்கம் இருந்த என் அக்காவைப் பார்த்துவிட்டு, ஐந்து மாதக் கைக்குழந்தையுடன் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நடந்துகொண்டிருந்தேன். மழை வரும், இருந்துவிட்டுப் போ என்று அக்கா சொன்னதைக் கேட்கவில்லை. எனக்கு எப்போதும் கொஞ்சம் வீம்பு.

கடைத்தெருவில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மளிகை மண்டியின் வாசலில் ஒதுங்கினேன். குழந்தை திடீரென்று வீறிட்டான். கால்களை மடக்கி மடக்கி அழுதான். வயிறு கல்லாக இருந்தது. பயத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மண்டிக்காரரின் மனைவி, ஒரு முஸ்லிம் அம்மாள், எட்டிப் பார்த்தார். "வயித்துல காத்து கட்டிக்கிட்டிருக்கு. உள்ள வாங்கம்மா" என்று மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்தார். ஓமத்தைக் கொதிக்க வைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். நான் கை நீட்டவில்லை. "நாங்க வெளியில தண்ணிகூட வாங்கிக்கறதில்லை" என்றேன். பிள்ளை துடிக்கும்போது சொன்னேன், பாருங்கள்!

அவர் முகம் சுளிக்கவில்லை. உள்ளே போனவர், வெறும் சட்டியில் ஓமத்தை வறுத்து, துணியில் முடிந்து கொண்டுவந்தார்.

"இதுல தண்ணி படலம்மா. துணியும் புதுசுதான். உங்க கன்னத்துல வச்சு சூடு பாத்துக்கிட்டு, நீங்களே ஒத்தடம் குடுங்க."

கொடுத்தேன். சூடான ஓமத்தின் மணத்தோடு மிளகும் ஏலக்காயும் ஈர மண்ணும் கலந்து வந்தன. மழைச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. குழந்தையின் மூடிய விரல்கள் மெல்ல விரிந்தன. காற்று சத்தமாகப் பிரிந்ததும் அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அவன் தூங்கிப்போனான். கொத்தமல்லி மூட்டையில் சாய்ந்த நானும் கண்ணயர்ந்துவிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. விழித்தபோது மழை விட்டிருந்தது. அவர் என் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

வீட்டில் நுழைந்ததும் மாமியார், "என்னடி, குழந்தை மேல ஓம வாசனை வரதே?" என்றார்.

"வயித்துவலிக்கு அக்கா ஒத்தடம் குடுத்தா" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை.

அன்றிலிருந்து கடைசிவரை மாமியார் வருவோர் போவோரிடமெல்லாம் என் அக்காவின் கைவைத்தியத்தைப் புகழ்ந்தார். ஒவ்வொரு முறையும் எனக்குக் கூசியது. இப்போது மாமியாரும் இல்லை, அக்காவும் இல்லை. அந்தப் புகழெல்லாம், பெயர்கூடக் கேட்காமல் நான் எழுந்து வந்துவிட்ட அந்த அம்மாளுக்குச் சேர வேண்டியது என்பதை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.